வெயில் ஊரில் கோழிக்கு எந்தக் கூண்டு?

இயற்கை விவசாயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மாட்டுக்கு அடுத்தபடியாகக் கேட்பது கோழிதான். பத்து, இருபது நாட்டுக்கோழி இருந்தால் வீட்டுக்கு முட்டை, நிலத்துக்கு எரு, தோட்டத்தில் புழு பூச்சி பொறுக்க ஆள். நல்ல எண்ணம். ஆனால் பேச்செல்லாம் ரகத்தைச் சுற்றியே இருக்கும். சிறுவிடையா, பெருவிடையா, கடக்நாத்தா என்று ஒரு மணி நேரம் விசாரிப்பார்கள். கூண்டைப் பற்றிக் கேட்டால், "அது ரெடிமேடா ஆர்டர் போட்டுட்டேங்க, அடுத்த வாரம் வந்துரும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கும். ரகம் சரியில்லை என்றால் முட்டை நாலு குறையும். கூண்டு சரியில்லை என்றால் சித்திரை மாதத்தில் ஒரே ராத்திரியில் பாதிக் கோழி போய்விடும்.

நான் இருப்பது கரூர் மாவட்டம், அரவக்குறிச்சிப் பக்கம். முருங்கைக்காட்டு வறண்ட வெயில். பக்கத்து க.பரமத்தியில் கோடையில் 40 டிகிரி தாண்டிவிட்டது என்று செய்தியில் வருவது எங்களுக்கு வருஷா வருஷம் பழக்கம். அந்த வெயிலை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோழியின் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல். கொண்டை, தாடி, இறகில்லாத கால் இவற்றின் வழியாகத்தான் சூட்டைக் காற்றில் விடும். மத்தியானம் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நிற்கிறதே, அதுவும் இதற்காகத்தான். அதுவும் போதாதபோது வாயைத் திறந்து இளைக்கும். இளைக்க இளைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். அதனால் ஓடு உருவாவது கெடும். கோடையில் ஓடு மெலிந்து, தொட்டால் உடைகிற முட்டை வருவது இதனால்தான். கிளிஞ்சல் தூளை அள்ளிப் போட்டாலும் சூடு குறையாமல் அது முழுதாகச் சரியாகாது.

இதோடு ஒரு சின்னக் கணக்கும் போடுங்கள். 2 கிலோ எடையுள்ள கோழி ஒன்று ஏறக்குறைய 10 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தூங்கும்போது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 30 கோழி என்றால் 300 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பு மூன்றை ஒரு தகரப் பெட்டிக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? ராத்திரிதானே, குளிர்ந்துதானே இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். வெளியே குளிர்ந்துதான் இருக்கும். உள்ளே இருப்பது அவற்றின் சொந்தச் சூடு.

இணையத்தில் பார்க்கிற அழகான மரக்கூண்டுகள், பலகைச் சுவர், சின்ன ஜன்னல், சாய்வுக் கூரை எல்லாம் பனி பெய்கிற நாட்டுக்குச் செய்தவை. அங்கே கூண்டின் வேலை கோழியின் சூட்டை உள்ளேயே தேக்கிவைப்பது. கோழி உட்காரும் உயரத்தில் காற்று படக்கூடாது, காற்றுத் துளை தலைக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. அதே அமைப்பை இங்கே தகரத்திலும் பிளைவுட்டிலும் அடித்து விற்கிறார்கள். நமக்கு வேண்டியது நேர் எதிர். கோழி கம்பில் உட்கார்ந்திருக்கும் உயரத்தில், அதன் உடம்பைத் தடவிக்கொண்டு, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா ஒருவர், எழுபது தாண்டியவர், அப்படி ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மேனேஜர் தம்பி, கோழி என்ன லாக்கர்ல வெக்கற நகையா? இப்பிடி அடைச்சு வெச்சா அது எப்பிடி மூச்சு உடும்?" முப்பது வருஷத்துக்கு மேல் லாக்கர் சாவி வைத்திருந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

வங்கி வேலையில் நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளைக் கடனுக்காகப் போய்ப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வளர்ப்பு முறையில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கொட்டகை போடுவதில் அவர்களிடம் கற்க விஷயம் உண்டு. காற்றாடி இல்லாமல் இயற்கைக் காற்றை நம்பிய பண்ணைகளில் கொட்டகை நீளமாகக் கிழக்கு மேற்காக ஓடும். அகலம் 25 அடிக்குள் நின்றுவிடும், அதற்கு மேல் போனால் குறுக்குக் காற்று நடுவுக்கு எட்டாது. பக்கச்சுவர் ஒன்றரை அடிக்கு மேல் எழும்பாது, மீதி முழுக்க வலை. ஆயிரக்கணக்கில் கோழி வைத்திருக்கிறவன் பணத்தை இழந்து கற்றுக்கொண்ட பாடம் அது. இருபது கோழிக்காரர்தான் அதைப் பார்க்காமல் பெட்டி வாங்குகிறார்.

இடமும் திசையும்

கூண்டு வாங்குவதற்கு முன்னால் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு நிபுணர் வேண்டாம், கோழியே சொல்லும். ஏற்கெனவே நாலு கோழி இருந்தால், கோடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு அவை எங்கே படுத்திருக்கின்றன, சாயங்காலம் எந்த மரத்தில் ஏறுகின்றன என்று மூன்று நாள் பாருங்கள். தோட்டத்திலேயே குளிர்ச்சியான, காற்று வருகிற இடம் அதுதான். கோழி இல்லாதவர்கள் நாய் எங்கே படுக்கிறது என்று பார்த்தாலும் போதும்.

மரம் கூண்டுக்கு மேற்கே இருக்க வேண்டும். காலை வெயில் கொஞ்சம் படலாம், ஈரம் காயும். பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை சாய்ந்து வருகிற வெயில்தான் கொல்லும். மரம் மேற்கே நின்றால் அந்த நேரத்து நிழல் கூண்டின் மேல் விழும். வேம்பு, புங்கன் நல்லவை. முருங்கை வேண்டாம். நிழலும் அடர்த்தி இல்லை, காற்றுக்குக் கிளை முறிந்து கூரையில் விழும். தென்னையடியில் வைப்பதானால் மட்டையும் நெற்றும் விழாத இடமாகப் பாருங்கள்.

கூண்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அப்போது காலை, மாலை வெயிலுக்குக் காட்டுவது குறுகிய பக்கம் மட்டும்தான். நீளப் பக்கங்கள் தெற்கையும் வடக்கையும் பார்க்கும், கோடைத் தென்றல் நேராகக் குறுக்கே போகும். நம் மாநிலத்தில் சித்திரை மாதத்தை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆவணியில் மறுபடியும் உச்சிக்கு வரும். அதனால் கடும் வெயில் மாதங்களில் உச்சி வெயிலைத் தாங்குவது கூரைதான். கூரை விளிம்பு தெற்கிலும் வடக்கிலும் 3 அடி வெளியே நீண்டிருந்தால் வெயிலும் மழைச்சாரலும் இரண்டும் நிற்கும். மேற்குக் குறும்பக்கத்தை மட்டும் கீற்றுத் தட்டியால் மறைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தட்டியில் பீர்க்கங்கொடி ஏறிக் கிடக்கிறது, காயும் வருகிறது.

கடலோரத்தில் பிற்பகல் கடற்காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம் முழுக்க வலையாக இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கிற ஊர்களில் ஆடியில் காற்று மிதமிஞ்சி இருக்கும். அங்கே மேற்கே உயிர்வேலி ஒன்று வேண்டும்.

கூரை: பகலா, இரவா?

எந்தக் கூரை நல்லது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: பகலில் கோழி உள்ளே இருக்குமா, இரவில் மட்டுமா?

கான்கிரீட் கூரையும் தடித்த செங்கல் சுவரும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரியில் கக்கும். மே மாதம் மெத்தை வீட்டுக்குள் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரவுக் கூண்டுக்கு அது ஆகவே ஆகாது. தகரம் எதிர்க் குணம். பகலில் அடுப்பு, பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். அப்படியானால் இரவுக் கூண்டுக்குத் தகரம் சரிதானே என்றால், முட்டையிடுகிற கோழி காலை ஒன்பது பத்து மணியிலிருந்து உச்சிவேளை வரை கூட்டுக்குள் போய் உட்காருகிறது. அடைக்கோழி 21 நாள் இரவும் பகலும் எழுந்திருக்காமல் கிடக்கிறது. தகரத்துக்குக் கீழே இருக்கிற முட்டைப் பெட்டியில் அது எழவும் மாட்டாது, தாங்கவும் தாங்காது.

அதனால் தென்னங்கீற்று அல்லது பனையோலைதான் முதல் இடம். சூட்டைத் தடுக்கும், தேக்கி வைக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தது நாட்டு ஓடு, சீமை ஓடு. ஓட்டுச் சந்துகளின் வழியே சூடு மேலே போகும். தகரம் ஏற்கெனவே இருக்கிறது என்றால் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் ஒரு வரிசைக் கீற்றும் போட்டுவிடுங்கள். கல்நார் சிமெண்ட் ஷீட் வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. உடைந்த துண்டுகள் கடைசியில் நம் நிலத்தில்தான் கிடக்கும்.

கூரையில் சாக்கு போட்டுத் தண்ணீர் தெளிப்பது எங்கள் மாதிரி வறண்ட ஊரில் நன்றாகவே வேலை செய்கிறது. நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிப் புழுக்கமான ஊரில் ஈரத்தைக் கூட்டினால் கோழி இளைத்தும் சூடு இறங்காது. அங்கே காற்றோட்டத்தைத்தான் கூட்ட வேண்டும்.

சுவருக்குப் பதில் வலை

"இத்தனை திறந்து வெச்சா நாய் தின்னுட்டுப் போயிராதுங்களா?" இதுதான் எல்லோரும் கேட்பது. நியாயமான பயம். நாய், கீரி, மரநாய், காட்டுப்பூனை, பாம்பு என்று பட்டியல் நீளம். ஆனால் இதற்கு மருந்து சுவர் இல்லை, நல்ல வலை. அறுகோணக் கண் கோழி வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும்; நாய் உள்ளே வராமல் தடுக்காது. கீழிருந்து மூன்றடிக்கு அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் போடுங்கள். மேலே ஒரு அங்குலக் கண் போதும் என்பார்கள். கீரியும் மரநாயும் ஏறக்கூடியவை, பாம்புக்கும் உயரம் பொருட்டில்லை. கை வசதி இருந்தால் முழுக்க அரை அங்குலமே போடுங்கள். தரையில் வைக்கும் கூண்டானால் வலையை வெளிப்பக்கமாக ஒரு அடி மடக்கி மண்ணில் புதைத்துவிட வேண்டும். கீரியும் பெருச்சாளியும் சுவரோரம்தான் தோண்டும், வலை தட்டினால் விட்டுவிடும். ஓலைக் கூரைக்குள் எலியும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். ஓலைக்குக் கீழே ஒரு வலைக் கூரை கட்டாயம்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும்போது சாக்குப் படுதா கட்டலாம். அதைக் கீழே கட்டி மேல்நோக்கி ஏற்றுங்கள். மேலே ஒரு அடி எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

ஓலை, மூங்கில் இரண்டிலும் ஒரு சங்கடம் உண்டு, மறைக்கக் கூடாது. கோழி உண்ணி பகலில் மூங்கில் பிளவிலும் மரச் சந்திலும் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாது. அதனால் என் யோசனை: சட்டம் இரும்புக் குழாய், சுவர் வலை, கூரைக்கு மட்டும் ஓலை. கோழி உட்காரும் கம்பு சுவரைத் தொடாமல் தனிக் கால்களில் நிற்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் எண்ணெய் ஊற்றிய கிண்ணம் வைத்தால் உண்ணியும் எறும்பும் ஏறாது. மாதம் ஒருமுறை ராத்திரி டார்ச் அடித்துக் கம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாயங்காலம் கோழி கூண்டுக்குள் போக அடம்பிடித்து மரமேறினால் அதற்குத் திமிர் என்று விரட்டாதீர்கள். உள்ளே சூடு, இல்லையென்றால் உண்ணி, இல்லையென்றால் பாம்பு.

அளவு

விற்பவர் சொல்லும் கோழிக் கணக்கை நம்ப வேண்டாம், டேப் எடுத்து அளந்து பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 6 அடிக்கு 4 அடிக் கூண்டு, "30 கோழி தங்கும்" என்று எழுதியிருக்கும். 24 சதுர அடி. வெயில் ஊரில் இரவு தங்க மட்டுமே என்றாலும் கோழிக்கு ஒன்றரைச் சதுர அடியாவது வேண்டும். ஆக 16 கோழி. பகலிலும் உள்ளேயே இருப்பதானால் இரண்டரைச் சதுர அடி, அப்போது 9 கோழிதான். விலையை 30ஆல் வகுத்தால் மலிவாகத் தெரியும், 16ஆல் வகுத்துப் பாருங்கள். உள்ளூர் வெல்டரிடம் குழாயும் வலையும் கொடுத்துச் செய்வது எவ்வளவு ஆகிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உட்காரும் கம்பு கோழிக்கு 8 அங்குலம். இரண்டு அங்குலக் கனம், முனை மழுக்கியது, எல்லாம் ஒரே உயரத்தில். உயரம் கூடினால் மேல்கம்புக்குச் சண்டை. பெருவிடைக்கு இரண்டடிக்கு மேல் வேண்டாம், குதித்தால் கால் அடிபடும். முட்டைப் பெட்டி 5 கோழிக்கு ஒன்று, ஒரு அடிச் சதுரம், நிழலான வடகிழக்கு மூலையில், பின்பக்கமும் காற்று போகிற மாதிரி. தரையில் போடும் உமியோ நார்க்கழிவோ மழைக்காலத்தில் ஒரு சாண் இருக்கலாம், கோடையில் இரண்டு அங்குலத்துக்குக் குறைத்துவிடுங்கள். ஆழமாகக் கிடந்தால் அதுவும் புளித்துச் சூடாகும்.

நகர்த்துகிற கூண்டு இப்போது பலருக்கு ஆசை. தென்னந்தோப்பிலோ கொய்யாத் தோட்டத்திலோ சரி. திறந்த வெளியில் கோடைக்கு வேண்டாம். இடம் மாற மாற நீங்கள் பார்த்து வைத்த திசையும் நிழலும் போய்விடும், அடைபட்ட கோழி தானாக நிழல் தேடவும் முடியாது.

குஞ்சுகள் வேறு கணக்கு. முதல் மூன்று நான்கு வாரம் அவற்றுக்குச் சூடு வேண்டும், சித்திரை இரவிலும். தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்த பழைய வழக்கம் அதற்குப் போதும்.

சூட்டில் செத்ததா, நோயில் செத்ததா?

பக்கத்து ஊரில் ஒரு தம்பி, வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வந்தவர். போன கோடையில் நாலு பக்கமும் தகரம் அடித்த ரெடிமேட் கூண்டு வாங்கினார். மேலே ஆறு அங்குலத்தில் இரண்டு துளை, அவ்வளவுதான் காற்று. 26 கோழி. நாய்க்குப் பயந்து ஆறு மணிக்கே கதவைச் சாத்திக் கொண்டியும் போட்டுவிடுவார். ஒருநாள் காலையில் திறந்தால் 9 கோழி செத்துக் கிடந்தன. வெள்ளைக் கழிச்சல் என்று முடிவு கட்டி, மருந்துக்கடைக்கு ஓடினார். மீதியை அதே கூண்டில் அடைத்தார். மறுநாள் இன்னும் 4. கால்நடை மருந்தகத்து மருத்துவர் அறுத்துப் பார்த்து நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை, சூடுதான் என்று சொன்ன பிறகே கதவு திறந்தது. மிச்சக் கோழியை அந்த வாரமே விற்றுவிட்டார்கள். அந்த வீட்டில் இப்போது கோழி இல்லை.

வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைக் கழிச்சல் சில நாட்களாகப் பரவும். பச்சை வெள்ளையாகக் கழியும், சிலது கழுத்தைத் திருகிக்கொள்ளும், குஞ்சும் இளசும் முதலில் விழும். சூட்டுச் சாவில் முந்தின நாள் வரை நன்றாக மேய்ந்த கோழி ஒரே பிற்பகலிலோ ஒரே இரவிலோ விழும், அதிலும் கனத்த, கொழுத்த, முட்டையிடுகிற கோழிகள் முதலில் போகும். துளைக்குப் பக்கத்தில் இருந்தவை பிழைத்திருக்கும். எதுவானாலும் செத்த கோழி ஒன்றை உடனே மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஏற்கெனவே மூடிய பெட்டி வாங்கியவர்கள் பதற வேண்டாம். மே மாதத்துக்கு முன் ஒரு நாள் வேலை இது. முதலில் இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றைக் கோழி உட்காரும் உயரத்திலும் மற்றதை வெளியே மரத்தடியிலும் தொங்கவிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கும், கோழி அடைந்த பிறகு இரவு ஒன்பது மணிக்கும் பாருங்கள். உள்ளே இரண்டு டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால் தெற்கு, வடக்கு இரண்டு நீளப் பக்கத்திலும் தகரத்தை ஒன்றரை அடிக்கு மேலே முழுக்க வெட்டி எடுத்து வெல்டு மெஷ் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் காற்று உள்ளே வந்து நிற்கும், போகாது. வெட்டிய விளிம்பை மடித்து அடியுங்கள், இல்லையென்றால் கோழியின் கால் கிழியும். பெட்டியை நாலு கல் மேல் தூக்கி வைத்து, மரத்துக்குக் கிழக்கே நகர்த்தி, கூரை மேல் கீற்று போடுங்கள். வெட்டிய தகரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். ஐப்பசிச் சாரலுக்கு வடக்குப் பக்கம் சாய்த்துக் கட்ட ஆகும்.